காலையில் ஒருமுறை, இன்னொரு காலையில் மறுமுறை: டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுக்க நினைக்கும் ஆண்களுக்கு

தைராய்டு டெஸ்ட் எடுக்க வருகிறவர் கவுண்டரில் நின்று சத்தமாகவே கேட்பார். சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். செல்போனில் எழுதி வைத்திருப்பதை நீட்டிக் காட்டுவார்கள். இல்லையென்றால் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "அந்த ஹார்மோன் டெஸ்ட் ஒண்ணு..." என்று இழுப்பார்கள். லேப்பில் ரத்தம் எடுப்பது என் வேலை. எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் வயதுக்காரர்கள் இந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் இப்படிக் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. ஏதோ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கம்மியாத்தான் இருக்கும், ரிப்போர்ட் வந்ததும் ஊசி போட்டுக்கப் போறேன்" என்று முடிவு கட்டிக்கொண்டே வருவார்கள். களைப்பு, தொப்பை, எரிச்சல், வேலையில் சலிப்பு எல்லாவற்றையும் ஒரே ஊசி தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை. மறைக்கிறவரும் சரி, அவசரப்படுகிறவரும் சரி, ரெண்டு பேருமே அந்த எண்ணைத் தங்கள் ஆண்மைக்குப் போட்ட மார்க்காக நினைக்கிறார்கள். அது ஒரு ஹார்மோனின் அளவு. தைராய்டு குறைந்தால் என்ன செய்வோமோ அதையேதான் இங்கும் செய்ய வேண்டும்: அறிகுறியைப் பார்ப்பது, ஒழுங்காக அளப்பது, காரணத்தைத் தேடுவது, தேவைப்பட்டால் மட்டும் மருந்து. மருந்து முடிவு டாக்டருடையது. அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியதுதான் நிறைய இருக்கிறது.

வயதாகிறதென்று எவ்வளவு குறையும்?

முப்பது, நாற்பது வயதிலிருந்து வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுவிடுவதில்லை. மெதுவான இறக்கம் இது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். எழுபதைத் தாண்டியும் இளைஞர்களுக்குச் சமமான அளவோடு இருப்பவர்கள் உண்டு.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரை உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. ரத்தத்தில் அளவும் குறைவு, அதோடு தாம்பத்தியம் சார்ந்த மூன்று அறிகுறிகளும் இருக்கின்றன என்று ரெண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையான குறைபாடு இருந்தவர்கள் 2.1 சதவீதம்தான். விளம்பரங்களை நம்பினால் நாற்பது தாண்டிய எல்லோருக்கும் குறைபாடு என்று தோன்றும். அப்படியில்லை. வயதைவிட அதிகமாக இழுத்துவிடுவது உடல் எடையும், சர்க்கரை நோயும், தூக்கக் குறைவும், சில மருந்துகளும். இது நல்ல செய்தி என்றே நான் நினைக்கிறேன். வயதைத் திருப்ப முடியாது, மற்றதில் கை வைக்கலாம்.

டெஸ்டுக்கு முன்னால் ஒரு தாள்

முதலில் ஒரு தாளில் உங்கள் அறிகுறிகளை எழுதுங்கள். எதை முதலில் எழுத வேண்டும் என்பது முக்கியம். அந்த ஐரோப்பிய ஆய்வில் ஹார்மோன் குறைவோடு ஒட்டிவந்தவை மூன்று: தாம்பத்திய ஆசை குறைவது, காலையில் எழும்போது வரும் விறைப்பு அருகிப்போவது, உறவின்போது விறைப்பு நிற்காமல் போவது. எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி என்று இவற்றை எழுதுங்கள். ரத்தச் சோகை இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா, சின்ன அடியில் எலும்பு முறிந்ததா, முகத்திலும் உடம்பிலும் முடி குறைந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களைப்பு, ஞாபக மறதி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். இவை பொய்யான அறிகுறிகள் என்று நான் சொல்லவில்லை. இவற்றுக்குக் காரணமாக வேறு பத்து விஷயங்கள் இருக்கலாம், அதனால்தான். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா, வாழ்க்கையில் சந்தோஷம் குறைந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். ஐம்பது வயதில் குடும்பமும் வேலையும் சுமக்கிற யாரும் அதில் மூன்று நாலு 'ஆமாம்' போடுவார்கள். அதை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். மனச்சோர்வுக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். ஹார்மோன் சரியாக இருந்தும் மனச்சோர்வில் கிடப்பவர் ஊசி தேடி அலைந்தால், கிடைக்க வேண்டிய சிகிச்சை அவருக்குத் தள்ளிப்போய்விடும்.

மனைவியிடம் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எப்போது மாறினீர்கள் என்பது அவர்களுக்கு உங்களைவிடத் தெளிவாகத் தெரியும்.

ஆசை இருக்கிறது, விறைப்பு மட்டும் வரவில்லை என்றால் அதைத் தனியாக அடிக்கோடிடுங்கள். அங்கே பெரும்பாலும் ரத்தக் குழாய்தான் பிரச்சினை. ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயத்துக்குப் போவதைவிடச் சின்னவை, அடைப்பு அங்கே முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்னதாகவே இந்த எச்சரிக்கை வரலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப் பழக்கம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய நேரம் அது. வெட்கப்பட்டு இதை மூடி வைப்பவர்கள் மேல் எனக்கு வருகிற கவலை கொஞ்சநஞ்சமல்ல. உயிர் காக்கிற ஒரு தகவலை மறைக்கிறார்கள்.

ரத்தம் கொடுக்கிற நாள்

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஆபீஸிலிருந்து நழுவி, கூட்டமில்லாத நேரம் பார்த்து வருவார்கள். சட்டைக் கையை மடித்து நீட்டிவிடுவார்கள். நான் ஊசியை எடுப்பதற்கு முன்னால் கேட்பேன்: "சார், சாப்பிட்டாச்சா? காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" பதிலைக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க" என்பேன். சிலர் கோபப்படுவார்கள். இன்றைக்கு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கெஞ்சுவார்கள். என்னால் எடுக்க முடியும், எண்ணும் வரும். அந்த எண்ணை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையிலும் காலையிலும் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். வயது கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் சுருங்கும், ஆனால் முழுசாகப் போய்விடாது. சாப்பிட்டாலும் அளவு இறங்கும், குறிப்பாகச் சர்க்கரைச் சத்து உள்ளே போனால். அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில். தண்ணீர் குடிக்கலாம். ராத்திரி ஷிப்ட் வேலை செய்பவர் என்றால் கடிகாரக் காலை உங்களுக்குப் பொருந்தாது. தூங்கி எழுந்து ரெண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுப்பதுதான் சரி, அதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

முந்தின நாள் ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். 2011-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. வயதாவதால் பத்துப் பதினைந்து வருடத்தில் குறைய வேண்டியது ஒரு வாரத்தில் குறைந்திருக்கிறது. காய்ச்சல், ஆபரேஷன், பெரிய நோய் எது வந்திருந்தாலும் உடம்பு தேறிய பிறகு எடுங்கள். படுக்கையில் கிடக்கும்போது அளவு விழுவது இயல்பு.

முடி, நகத்துக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பல லேப்களில் இருக்கும் சோதனை முறையை அது குழப்பும், இல்லாத அளவைக் கூட்டிக் காட்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்று லேப்பிலேயே கேளுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த ஊசி, பொடி எதுவானாலும் சொல்லுங்கள். நாங்கள் யாரும் அதற்காக உங்களைத் தப்பாக நினைக்கப்போவதில்லை.

அப்புறம், ஒருமுறை போதாது. முதல் தடவை குறைவாக வந்தவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் அடுத்த தடவை எடுக்கும்போது சரியான அளவுக்குள் வந்துவிடுகிறார்கள். இன்னொரு நாள், அதே நேரம், முடிந்தவரை அதே லேப். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுசுக்கும் மருந்தை ஆரம்பிக்கச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டை வாங்கியதும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அது உள்பக்கம் போகும்படி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்பவர்கள் நிறைய. பிரித்து வைத்துக்கொண்டு முதலில் அலகைப் பாருங்கள். சில லேப் நானோகிராம்/டெசிலிட்டரில் தரும், சில நானோமோல்/லிட்டரில், இன்னும் சில நானோகிராம்/மில்லிலிட்டரில். 300 நானோகிராம்/டெசிலிட்டர் என்பதும், 10.4 நானோமோல்/லிட்டர் என்பதும், 3 நானோகிராம்/மில்லிலிட்டர் என்பதும் ஒன்றுதான். நண்பருக்கு 450, எனக்கு 12 என்று பயந்துபோய் வந்தவருக்கு இதை நான் விளக்கியிருக்கிறேன். அவருடைய 12 கிட்டத்தட்ட 346-க்குச் சமம்.

நானோகிராம்/டெசிலிட்டர் கணக்கில் அமெரிக்க யூராலஜி சங்கம் 300-க்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறது. ஹார்மோன் நிபுணர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி, பருமன் இல்லாத இளம் ஆண்களை வைத்து 264 என்று கணக்கிட்டிருக்கிறது. நிபுணர்களே ஒரே கோட்டில் நிற்கவில்லை என்றால், 295-க்கும் 305-க்கும் இடையில் ஆண்மை எங்கே வந்து போய்விடப் போகிறது? 230-லிருந்து 350 வரை ஒரு இழுபறிப் பகுதி. அங்கே இருப்பவர்களுக்கு அறிகுறிகளும் மற்ற டெஸ்டுகளும்தான் வழிகாட்டும்.

மொத்த அளவில் பெரும்பகுதி எஸ்ஹெச்பிஜி, ஆல்புமின் என்ற ரெண்டு புரதங்களில் ஒட்டிக்கொண்டு ஓடும். தனியாகத் திரிவது ரொம்பக் கொஞ்சம். உடல் பருமனில் எஸ்ஹெச்பிஜி குறையும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், தனியாகத் திரியும் பகுதி சரியாக இருக்கலாம். வயதானால் எஸ்ஹெச்பிஜி கூடும், கதை தலைகீழ். இழுபறியில் இருந்தால் எஸ்ஹெச்பிஜி பார்த்து, தனி டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிட்டுத் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ரெண்டு முறையும் உறுதியாகக் குறைவு என்றால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின் என்ற மூன்று ஹார்மோன்களையும் பார்க்காமல் மருந்துக்குப் போகக் கூடாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் அனுப்பினால்தான் விரை வேலை செய்யும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், இல்லையா? டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்ஹெச் கூடியிருந்தால் மோட்டார் ஓடுகிறது, கோளாறு விரையில். ரெண்டுமே குறைவு என்றால் கோளாறு மேலே, பிட்யூட்டரி பக்கம். புரோலாக்டின் கூடியிருந்தால் பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருக்கலாம், ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் புற்றுநோயல்லாத கட்டிதான், பல சமயம் மாத்திரையிலேயே சுருங்கும். இதைப் பார்க்காமல் மேலோட்டமாக ஊசியைப் போட்டுக்கொண்டே போனால் கட்டி தன் பாட்டுக்கு வளரும்.

மருந்துக்கு முன்னால்

எடை கூடியவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அந்த ஈஸ்ட்ரோஜன் போய் பிட்யூட்டரியை அடக்கும். எடை இறங்க இறங்க ஹார்மோன் ஏறும், நிறைய இறக்கினால் நிறைய ஏறும். குறட்டை பலமாக இருந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதைச் சோதியுங்கள். நாள்பட்ட வலிக்குப் போடும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளும், ஆஸ்துமா மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் அளவை இறக்கும். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து என்று முடிவானால்

உண்மையில் குறைபாடு இருந்தால் மருந்து எடுப்பதில் கேவலம் எதுவும் இல்லை. இன்சுலின் போடுகிறவரை யாரும் கீழாகப் பார்ப்பதில்லை. எதை எதிர்பார்ப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

1889-ல் பாரிஸில், 72 வயதான பிரௌன்-செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர், நாய், கினிப்பன்றி விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். பலமும் சுறுசுறுப்பும் திரும்பிவிட்டது என்று அறிஞர் சபையிலேயே அறிவித்தார். பின்னாளில் அதே முறையில் சாறு தயாரித்துச் சோதித்தபோது அதில் இருந்த ஹார்மோன் எந்த வேலையும் செய்யப் போதாத அளவு என்று தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததே 1935-ல்தான். அவர் பொய் சொல்லவில்லை, எதிர்பார்ப்பு அவ்வளவு செய்யும். அதனால்தான் முதலில் எழுதிய தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்து அதோடு ஒப்பிடுங்கள்.

65 வயது தாண்டிய, அளவு குறைந்த 790 ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நடந்த சோதனைகள் 2016-ல் வெளிவந்தன. தாம்பத்திய ஆசையும் விறைப்பும் ஓரளவு கூடின, மனநிலை சிறிது தேறியது. களைப்பு விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. களைப்புக்காக மட்டும் ஆரம்பிக்க நினைப்பவர்கள் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள். இதயத்தைப் பற்றிய பயம் பல வருடம் இருந்தது. இதய நோய் உள்ள, அல்லது வர வாய்ப்பு அதிகமுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023-ல் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஹார்மோன் இல்லாத மருந்து கொடுக்கப்பட்டவர்களைவிட டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும், நுரையீரலில் ரத்தக் கட்டியும், எலும்பு முறிவும் சற்று அதிகமாகவே வந்தன.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருந்தால் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி எல்ஹெச்சையும் எஃப்எஸ்ஹெச்சையும் நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும், விரையும் சிறுக்கும். ஆண் கருத்தடையாகவே இந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990-ல் முடிவு வெளியிட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் ரெண்டாம் திருமணம் செய்துகொள்கிறவர்கள் இதைத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்வது பெரிய அநியாயம். அவர்களுக்கு விரையையே வேலை செய்ய வைக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன.

புராஸ்டேட் புற்றுநோய், ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, சமீபத்தில் வந்த மாரடைப்பு, கவனிக்காமல் விட்ட தூக்க மூச்சடைப்பு இவை இருந்தால் பொதுவாகத் தொடங்க மாட்டார்கள். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ டெஸ்டும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டும் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

ஊசி, ஜெல், பேட்ச், மாத்திரை என்று பல வடிவங்கள். வாரம் அல்லது ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் முதல் சில நாள் ஏற்றமும் கடைசியில் இறக்கமும் மனநிலையிலேயே தெரியும். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு. ஜெல் தடவுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடவிய இடத்தைத் துணியால் மூடிய பிறகுதான் குழந்தைகளைத் தூக்க வேண்டும். தோலோடு தோல் பட்டால் மருந்து அவர்களுக்கும் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கு முந்திய பருவ மாற்றம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் திரும்ப ரத்தம் கொடுங்கள். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். மருந்தை நிறுத்தி வைத்து, காரணம் பார்த்து, அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்குவார்கள். ஜெல்லோ ஊசியோ, எதை எப்போது கடைசியாக எடுத்தீர்கள் என்பதை ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள், அது தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது. ஆசை சில வாரத்திலேயே திரும்பும், தசையும் எலும்பும் மாதக் கணக்கில் வருடக் கணக்கில் நேரம் எடுக்கும். ஒரு வருடத்துக்குள் தாம்பத்திய விஷயத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் நிறுத்திவிடச் சொல்கிறது அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதல். நிறுத்தும்போதும் டாக்டரிடம் சொல்லியே நிறுத்துங்கள். அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி மறுபடி எழுந்து வேலை தொடங்கச் சில மாதங்கள் ஆகும், அந்த இடைவெளியில் அறிகுறிகள் முன்னைவிட மோசமாகத் தெரியலாம். அது தெரிந்திருந்தால், பயந்துபோய் மறுபடி ஊசிக்கு ஓட மாட்டீர்கள்.